வெட்ட இடம் தராத பேச்சு

எங்கள் பல்கலைக்கழகத்தில் அந்த அம்மாளுக்கு மண் மேடம் என்று பெயர். சிவில் இன்ஜினியரிங் துறையில் மண்ணைப் பற்றிப் பாடம் நடத்தியதால் வந்த பெயர். அவருக்குத் தெரியாமல் வைத்துவிட்டோம் என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் அவரே போனில், "ஸ்டெல்லா, நான் மண் மேடம் பேசறேன்" என்று ஆரம்பித்தார்.

என் உத்தியோகம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மக்கள் தொடர்புப் பிரிவில் இருந்தேன். பெங்களூரில் எது நடந்தாலும் டிவிக்காரர்களுக்கு ஒரு பேராசிரியர் வேண்டும். ஏரி நுரைத்தால் ஒருவர், வெங்காயம் விலை ஏறினால் ஒருவர், அடுக்குமாடிக்குள் பாம்பு வந்தால் ஒருவர். அது போதாதென்று குடியிருப்போர் சங்கம், மாதர் குழு, அல்சூர்ப் பக்கத்து முதியோர் மன்றம் என்று ஆளாளுக்குச் சொற்பொழிவுக்கு ஆள் கேட்பார்கள். யாரை எங்கே அனுப்புவது என்று பார்ப்பது நான். கேட்க நன்றாகத்தான் இருக்கும். செய்து பார்த்தால் தெரியும் அந்தப் பேஜார். ஒருவர் கார் வருமா என்பார். ஒருவர் தன் பெயருக்கு முன்னால் டாக்டர் போடவில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். இன்னொருவர் இருந்தார், எதற்கும் ரெடி சார் என்று அவருக்குப் பெயர். எறும்பைப் பற்றிக் கேட்டாலும் பேசுவார், எலெக்ஷனைப் பற்றிக் கேட்டாலும் பேசுவார். சாயங்காலம் ஆனால் எனக்குக் காது இரண்டும் சுடும். வீட்டில் யாராவது போனை எடுத்தாலே எரிச்சல் வரும்.

மண் மேடம் மட்டும் எதற்கும் மாட்டேன் என்றதில்லை. கார் கேட்கமாட்டார், ஆட்டோவில் போய்விடுவார். குடியாத்தத்துக்காரர். ஒல்லியான உடம்பு, காட்டன் புடவை, காலில் எப்போதும் ஷூ. எங்கே மண் தோண்டினாலும் இறங்கிப் பார்க்கவேண்டும் என்பதற்காக அந்த ஷூ. ஆனால் அவரைக் கேமரா முன்னால் உட்காரவைப்பது பெரிய அவஸ்தை. வாயைத் திறந்தால் மூச்சே விடமாட்டார். அவர் பேச்சு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன்.

"மழை பெஞ்சா சுவர் விழுமான்னு நீங்க கேக்கறதுக்கு சுவருக்குப் பின்னாடி தண்ணி நிக்குதான்னு பார்த்துட்டுதான் சொல்லமுடியும்ங்கறதால நின்னா விழலாம் நிக்கலன்னா வாய்ப்பு கம்மின்னு நான் சொல்றத பயமில்லன்னு சொல்றதா நினைச்சுக்காம முதல்ல போய் உங்க சுவருக்குப் பின்னாடி பார்த்துட்டு அப்பறம் வந்து..."

இப்படியே போகும். நடுவில் கமா கிடையாது. நாதஸ்வரக்காரர் மூச்சு மாதிரி எங்கே இழுக்கிறார், எங்கே விடுகிறார் என்று கண்டுபிடிக்க முடியாது. கேமரா வருவதற்கு முன்னால் வராந்தாவில் இரண்டு நடை நடந்து, வெந்நீர் குடித்து, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டுதான் உட்காருவார். சேனலில் இருந்து எடிட்டர்கள் என்னைக் கூப்பிட்டு அழுவார்கள். "ஸ்டெல்லா மேடம், எல்லி கட் மாடோது?" எங்கே வெட்டுவது என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு பைட். ஒரு வாய்க்கு அடங்குகிற பேச்சு. இந்த அம்மாள் முழுச் சாப்பாட்டை இலையோடு தூக்கிக் கொடுத்தால் அவர்கள் என்ன செய்வார்கள் பாவம்!

ஆரம்பத்தில் அவர் அப்படிப் பேசியவர் இல்லை. நிறுத்தி நிதானமாகத்தான் பேசுவார். ஒரு மழைக்காலத்தில், "கால்வாய் அடைக்காம இருந்தா பயமில்ல" என்று ஒரு சேனலுக்குச் சொன்னார். அவர்கள் முன்பாதியைக் கத்தரித்து எறிந்துவிட்டு, "பயமில்ல" என்பதை மட்டும் நாள் முழுக்க ஓட்டினார்கள். ஆஸ்டின் டவுனில் ஒரு பெரியவர் மழைக்குப் பயந்து மகள் வீட்டுக்குப் போயிருந்தவர், அதைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்குத் திரும்பி வந்தார். அவர் வீட்டுப் பின்பக்கத்துக் கால்வாய் அடைத்துக் கிடந்தது. சுவர் சமையலறைக்குள் சரிந்து, அவருடைய கால் முறிந்தது.

பேப்பரில் அதைப் படித்துவிட்டு மேடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனோம். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனோம். பெரியவர் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். மேடத்தைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"டிவியில பார்த்ததவிட நேர்ல ஒல்லியா இருக்கீங்களே மேடம்!" என்றார். மருமகளைக் கூப்பிட்டு, "இவங்கதான் டிவியில வந்தவங்க, காபி போடும்மா" என்றார். அந்தக் காபியை மேடம் குடித்து முடிப்பதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது, "அவர் திட்டியிருக்கலாம் ஸ்டெல்லா" என்றார் மேடம். ஆட்டோவில் ஏறியதும், "இனிமே அவங்க கத்தரிக்கு நான் இடமே குடுக்கமாட்டேன்" என்றார். அன்றிலிருந்துதான் அந்த ஒற்றை மூச்சுப் பேச்சு. சேனல்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். எதற்கும் ரெடி சாருக்கு யோகம் அடித்தது. மேடம் கண்டுகொள்ளவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கேமரா இல்லாத இடத்தில் அவர் வேறு ஆள். சங்கங்களிலும் மாதர் குழுக்களிலும் பேசும்போது குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி பேசுவார். ஸ்லைடு கிடையாது. ஒரு டிபன் பாக்ஸில் மணல் கொண்டு போவார். ஈர மணலைக் கவிழ்த்துக் கட்டியாக நிற்கவைத்து, அதன் மேல் ஒரு தம்ளரை வைத்து, பிறகு கட்டியின் ஓரத்தை ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுவார். எல்லாரும் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். தம்ளர் சாயும்போது யாராவது ஒரு அம்மாள், "ஐயோ!" என்று கத்துவாள். "இந்த ஐயோவ இப்பவே சொல்லிடுங்கம்மா, வீடு சாஞ்சப்பறம் சொல்லாதீங்க" என்பார் மேடம்.

விவேக் நகரில் என் அக்கா வீடு இருக்கிறது. சர்ச் பக்கத்துச் சந்தில் வரிசையாகச் சின்ன வீடுகள். பாதிக்கு மேல் கோலார் தங்கவயலில் இருந்து வந்த குடும்பங்கள். அக்காவின் மாமனார் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து கட்டிய வீடு அது. அந்தச் சந்தை ஒட்டி இருந்த காலி இடத்தில் அடுக்குமாடி கட்டுவதற்காகப் பெரிய பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் அக்கா வீட்டுச் சுவரில் விரிசல் வந்தது. சந்தில் இருந்த சங்கத்துக்காரர்கள் பல்கலைக்கழகத்துக்கு எழுதி ஆள் கேட்டார்கள். யாரை அனுப்புவது என்று நான் யோசிக்கவே இல்லை.

அதற்கு முன்னால் எங்கள் பதிவாளர் என்னைக் கூப்பிட்டு எச்சரித்தார். அது பழைய விதிதான். பேராசிரியர்கள் எதைப் பற்றியும் பொதுவாகப் பேசலாம். எந்த இடத்தையும், எந்தக் கட்டடத்தையும் பேர் சொல்லிப் பேசக்கூடாது. கட்டடக்காரர்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிடுவார்கள் என்று பயம். "பொதுவா, பொதுவா" என்று பதிவாளர் என் காதில் ஓதாத நாளில்லை.

சர்ச் ஹாலில் கூட்டம். மேடம் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்பே அக்காவின் மாமியார் எழுந்துகொண்டார். கைத்தடியை ஊன்றி நின்று, "மேடம், நாங்க தங்கவயல் ஆளுங்க" என்றார். "கீழ பாறை வெடிச்சா மேல எங்க வீட்டுப் பாத்திரமெல்லாம் உருண்டு விழும். எடுத்து அடுக்கிட்டுத் திரும்பப் படுத்துக்குவோம். இந்தப் பள்ளத்துக்கெல்லாம் நாங்க பயப்படுவோமா?" ஹாலே கைதட்டியது. அவர்களுக்கு அது பெருமை. வாழ்நாள் பூரா அதிர்கிற நிலத்தின் மேல் தூங்கி எழுந்தவர்களுக்கு நிலம் அதிர்ந்தால் என்ன வந்தது?

மேடமும் சேர்ந்து கைதட்டினார். கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தார். "நீங்க சொல்றது சரிம்மா. ஆனா அங்க உங்க வீடு பாறை மேல இருந்துச்சு. பாறை அதிரும், ஓடாது. இங்க உங்க வீடு நிக்கறது கொட்டி நிரப்புன மண்ணு மேல. இது அதிராது. சத்தமே போடாம ஓடிடும்" என்றார். பிறகு, "யார் யார் வீட்ல கதவு சிக்குது?" என்று கேட்டார். ஒரு கை, இரண்டு கை என்று ஹால் முழுக்கக் கைகள் எழுந்தன. மழைக்கு மரம் ஊதிக்கொண்டது என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

துறை லேபில் இருந்து மெல்லிய கண்ணாடித் துண்டுகள் கொண்டுவந்திருந்தார். வீடு வீடாகப் போய், விரிசலுக்குக் குறுக்கே சிமெண்டு வைத்து ஒட்டினார். "இது உடைஞ்சா விரிசல் இன்னும் வளருதுன்னு அர்த்தம். உடனே ஸ்டெல்லாவுக்குப் போன் பண்ணுங்க" என்றார். அக்கா என்னைப் பார்த்து, "நல்ல மேடமா புடிச்ச போ" என்று முணுமுணுத்தாள். பொட்டு வைத்த மாதிரி சுவரில் கண்ணாடி இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா போன் செய்தாள். "ஏய், கண்ணாடி ரெண்டா உடைஞ்சிடுச்சுடி. சமையக்கட்டுக் கதவும் சாத்தமாட்டேங்குது" என்றாள். அன்று சாயங்காலம் ஒரு சேனலில் மழையைப் பற்றி நேரலை விவாதம். இரண்டாவது ஆளுக்கு வேறு யாரும் கிடைக்காமல் மேடத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும், "அந்த வழியாவே போயிடலாம்" என்றார்.

பள்ளத்தின் விளிம்பில் அவர் குந்தி உட்கார்ந்து எட்டிப் பார்த்தார், நான் அவர் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா வீட்டுக்கு நேர் கீழே, பள்ளத்துச் சுவரில் இருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. டீ நிறத்தில் கலங்கலாக வந்தது. "தெளிஞ்ச தண்ணியா வந்தா நான் பேசாம ஸ்டுடியோவுக்குப் போயிருப்பேன்" என்றார். "இது மண்ணையும் கூட்டிட்டு வருது."

மாநகராட்சி ஆபீசுக்குப் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. பள்ளத்தில் காவலுக்கு இருந்தவர் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். அக்கா வீட்டு வாசலில் நின்று, சந்தில் இருந்தவர்களைக் கூட்டி, "இன்னைக்கு இங்க யாரும் படுக்காதீங்க" என்று கெஞ்சினார். மழையில் எங்கே போவது என்று கேட்டார்கள். அக்காவின் மாமியார் கட்டிலில் இருந்தபடியே, "டிவியில சொல்லட்டும், போலாம். இவங்க சும்மா வந்து சொன்னா போயிடறதா?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கிழவியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போயிருப்பேன். மேடம் கோபப்படவில்லை. "டிவியில சொன்னா போவீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார். "ஆங், போவோம்" என்றார் மாமியார்.

ஸ்டுடியோவில் நுழையும்போதே பதிவாளரின் போன். நாங்கள் பள்ளத்துக்குப் போனதை யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். "ஸ்டெல்லா, பொதுவா பேசச் சொல்லும்மா. அந்த இடத்துப் பேரு வாயிலயே வரக்கூடாது. வந்தா இதோட அவங்களுக்கு டிவியும் கிடையாது, சங்கமும் கிடையாது, ரிட்டயராகிற வரைக்கும் கிளாஸ் மட்டும்தான்." அதை அப்படியே மேடத்திடம் சொன்னேன். என் அக்கா குடும்பம் அந்த வீட்டில் இருக்கிறது. அப்படியிருந்தும் அந்தச் சேதியை என் வாயால் சொல்லவேண்டியிருந்தது. என்ன பிழைப்போ!

"நீங்க சொன்னீங்க, நான் கேட்டுக்கிட்டேன். உங்க வேலைக்கு ஒண்ணும் வராது" என்றார். அன்று வெந்நீர் கேட்கவில்லை. நடக்கவும் இல்லை.

விவாதத்தில் எதற்கும் ரெடி சாரும் இருந்தார். "பொதுவா பெங்களூர் மண்ணு ரொம்ப ஸ்ட்ராங், ஜனங்க வீணா பயப்பட வேண்டாம்" என்று ஆரம்பித்து வைத்தார். தொகுப்பாளர் மேடத்தின் பக்கம் திரும்பி, இந்த வருஷத்து மழையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். நான் ஸ்டுடியோக் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்றுகொண்டு, வழக்கமான அந்த நீளமான மூச்சை எதிர்பார்த்தேன்.

மேடம் சந்தின் பெயரைச் சொன்னார். "பள்ளத்த ஒட்டி இருக்கிற வீடுங்கள்ல யாரும் இருக்காதீங்க. இப்பவே வெளிய வாங்க" என்றார். முதலில் கன்னடத்தில், பிறகு தமிழில். அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டார்.

தொகுப்பாளர் திகைத்துவிட்டு, ஏரிகளின் நிலைமை என்ன என்று கேட்டார். மேடம் அதே வார்த்தைகளைத் திரும்பச் சொன்னார். எதற்கும் ரெடி சார் குறுக்கே வந்து, "மேடம் கொஞ்சம் உணர்ச்சிவசப்படறாங்க" என்றார். அதற்கும் அதே பதில். என்ன கேட்டாலும் அதே பதில். கடைசியில் அவர்களாகவே விளம்பரத்துக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது திரையில் சந்தின் பெயர் சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

சந்து காலியானது. அக்காவின் மாமியாரை பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். டிவியில் சொல்லிவிட்டார்களே! எல்லாரும் சர்ச் ஹாலில் பாய் விரித்தார்கள். ஆபீசர்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். மறுநாள் விடிந்ததும் கட்டடக்காரர்களே ஓடிவந்து, பள்ளத்தின் ஓரத்தில் இரும்புத் தூண்களை இறக்கி, மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். மழையும் ஓய்ந்தது. எதுவும் விழவில்லை. கொஞ்ச நாளில் எல்லாரும் வீடு திரும்பினார்கள்.

அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. வக்கீல் நோட்டீஸ் வந்தது. விசாரணைக் குழு உட்கார்ந்தது. பதிவாளர் சொன்னதைச் செய்தார். யார் கூப்பிட்டாலும் மேடத்தை அனுப்பக்கூடாது என்று எனக்கு உத்தரவு. இனி டிவி இல்லை, ஹால் இல்லை. எங்கிருந்தாவது ஒரு மாதர் குழு அவரைத்தான் வேண்டும் என்று கேட்கும். அவருக்கு உடம்பு சரியில்லை என்று நான் சொல்லவேண்டும். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிற்று. சந்தில் பேச்சு வேறு மாதிரி போயிற்று. ஒரு பெண்ணைப் பார்க்க வந்தவர்கள், வீடு விழப்போகிறது என்று டிவியில் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்களாம். வாடகைக்குக் குடியிருந்தவர்கள் காலிசெய்துவிட்டார்களாம். எல்லாம் உன் தங்கச்சி கூட்டிவந்த மேடத்தால்தான் என்று அக்காவுக்குத் தினம் ஒரு பாட்டு.

மேடம் ஓய்வுபெற்றுக் குடியாத்தத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு நாள், "அந்தச் சந்துக்கு ஒரு தடவ போயிட்டு வரலாமா?" என்று கேட்டார். எனக்கு இஷ்டமில்லை. ஆனால் போனோம். பள்ளம் இருந்த இடத்தில் கட்டடம் பாதி எழும்பியிருந்தது. அக்கா எங்களைப் பார்த்ததும் வாசலுக்கு வந்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. காபி குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. நிலைப்படியில் கையை வைத்து நின்றுகொண்டாள்.

"ஒண்ணும் ஆகலியே மேடம். வீடு அப்படியேதான் நிக்குது" என்றாள். குத்திக்காட்டத்தான் சொன்னாள்.

மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், மலர்ந்துவிட்டது. "ரொம்ப சந்தோஷம்மா" என்றார். "கதவு இப்ப சாத்த வருதா?"

"வருது" என்றாள் அக்கா.

"மாமியார் நல்லாருக்காங்களா?"

"இருக்காங்க. தூங்கறாங்க."

மேடம் வெளிச் சுவரை மட்டும் ஒருமுறை கையால் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். உன் வீட்டுக்காக இந்த அம்மாள் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்திருக்கிறார், ஒரு வாய் தண்ணீர் கொடுக்க உனக்குக் கை வரவில்லையா என்று அங்கேயே கத்தியிருப்பேன். மேடம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சந்து முனையில் ஆட்டோ நிறுத்தினோம். ஏறப்போனவரை நான் விடவில்லை.

"மேடம், நீங்க அன்னைக்கு சொல்லலன்னா அது விழுந்திருக்கும்ல?"

"தெரியாது ஸ்டெல்லா."

"உங்களுக்கே தெரியாதா?"

"தெரியணும்னா நான் பேசாம இருந்து பார்த்திருக்கணும்" என்றார். "எனக்குத் தெரிய வேண்டாம்."

மேடம் ஏறிக்கொண்டார், ஆட்டோ கிளம்பியது. அக்காவிடம் கத்துவதற்கு நான் திரும்பிப் போகவில்லை.